ரிசல்ட்டுக்கு முன்பா, பின்பா, ஆப்ஷனா, செய்தியா: குறுகிய கால வர்த்தகத்தில் யாருக்கு எந்த வழி?

ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர். இந்த மாதங்களின் இரண்டாவது வாரத்தில் டிசிஎஸ் ரிசல்ட் (காலாண்டு லாப நஷ்டக் கணக்கு) வந்துவிட்டால் சீசன் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். அடுத்த ஐந்து வாரத்துக்குத் தெரிந்தவர், தெரியாதவர் எல்லோரும் கேட்பது ஒரே கேள்விதான். இந்த முறை கேட்டவன் என் மனைவியின் தம்பி. "மாமா, நாளைக்கு ரிசல்ட் வருது. இன்னைக்கே வாங்கிப் போட்டுடவா, இல்ல வந்தப்புறம் பாத்துக்கலாமா? ஃப்ரெண்டு ஒருத்தன் ஆப்ஷன் எடுக்கச் சொல்றான்." கையில் ஒன்றரை லட்சம் வைத்திருக்கிறான். பகலில் வேலை, மதியச் சாப்பாட்டு நேரத்தில்தான் போனைப் பார்க்க முடியும்.

அவனுக்குச் சொன்னதை இங்கே விரிவாக எழுதுகிறேன். எந்தக் கம்பெனி நல்ல கம்பெனி என்பது வேறு கேள்வி. ரிசல்ட்டையும் செய்தியையும் வைத்துச் சில நாள், சில வாரம் வர்த்தகம் செய்ய நான்கு வழிகள் இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் நாம் தலையில் ஏற்றிக்கொள்ளும் ஆபத்து வேறு வேறு.

## எதை வைத்து எடை போடுவது?

முதலில் பார்க்க வேண்டியது, நான் முடிவு செய்த நஷ்டத்தோடு வெளியே வர முடியுமா என்பது. ஸ்டாப்லாஸ் (விலை ஒரு அளவுக்குக் கீழே போனால் தானாக விற்கும் ஆர்டர்) போட்டுவிட்டால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். சந்தை மூடியிருக்கும் நேரத்தில் ரிசல்ட் வந்தால் ஸ்டாப்லாஸ் வேலை செய்யாது. காலை 9:15-க்கு எந்த விலையில் திறக்கிறதோ அதுதான் உங்கள் விலை.

இரண்டாவது, விலைக்குள் ஏற்கெனவே என்ன ஏறியிருக்கிறது? வாகனக் கம்பெனிகள் மாதாமாதம் 1-ஆம் தேதி விற்பனை எண்ணிக்கையை வெளியிடுகின்றன. எச்டிஎஃப்சி பேங்க், டைட்டன், டிமார்ட்டை நடத்தும் அவென்யூ சூப்பர்மார்ட்ஸ் போன்றவை காலாண்டு முடிந்த சில நாட்களிலேயே கடன், டெபாசிட், விற்பனை விவரங்களைச் சொல்லிவிடுகின்றன. இந்தப் பங்குகளில் விற்பனை எண் யாருக்கும் புதிதல்ல. மார்ஜினும் (விற்பனையில் லாபத்தின் சதவீதம்), நிர்வாகம் அடுத்த காலாண்டைப் பற்றிச் சொல்வதும்தான் புதிது.

மூன்றாவது, வாங்கவும் விற்கவும் ஆள் இருக்கிறார்களா? நான்காவது, கட்டணமும் வரியும். ஐந்தாவது, திரையைப் பார்க்க உங்களுக்கு எவ்வளவு நேரம் இருக்கிறது?

வழி எதுவானாலும் சில பங்குகளைப் பட்டியலிலிருந்தே நீக்கிவிடுகிறேன். டிரேட் டு டிரேட் பிரிவில் இருப்பவை (வாங்கிய அன்றே விற்க முடியாதவை), ஏஎஸ்எம் என்ற கூடுதல் கண்காணிப்பில் இருப்பவை, 5 சதவீத சர்க்யூட் வரம்பில் (ஒரே நாளில் அதற்கு மேல் விலை நகர முடியாது) ஓடுபவை. இவற்றில் ரிசல்ட் நன்றாக வந்தால் வாங்க முடியாது, மோசமாக வந்தால் விற்க முடியாது.

## வழி 1: ரிசல்ட்டுக்கு முன்பே வாங்கி வைப்பது

இதில் கிடைக்கும் லாபம் பெரிது, அதனால்தான் ஆசையும் பெரிது. 2013 ஜனவரி 11 அன்று இன்ஃபோசிஸ் ஒரே நாளில் சுமார் 17 சதவீதம் ஏறியது. முதல் நாள் வாங்கி வைத்தவருக்கு அது தீபாவளி. அதே இன்ஃபோசிஸ் அடுத்த ரிசல்ட்டில், ஏப்ரல் 12 அன்று, 21 சதவீதம் விழுந்தது. மூன்று மாத இடைவெளியில் அதே கம்பெனி, அதே நிர்வாகம்.

இந்த வழியைப் புரிந்துகொள்ள நான் அடிக்கடி எடுத்துச் சொல்வது 2024 ஜனவரி 16. அன்று மாலை எச்டிஎஃப்சி பேங்க் மூன்றாம் காலாண்டு ரிசல்ட்டை வெளியிட்டது. நிகர லாபம் 16,372 கோடி, முந்தைய ஆண்டைவிட 33 சதவீதத்துக்கு மேல் அதிகம். தலைப்பை மட்டும் படித்தவர் மறுநாள் பங்கு ஏறும் என்றுதான் நினைத்திருப்பார். மறுநாள் அது 8 சதவீதத்துக்கு மேல் விழுந்தது. அதற்கு அடுத்த நாளும் 3 சதவீதத்துக்கு மேல்.

காரணம் ரிசல்ட்டுக்குள்ளேயே இருந்தது. 2023 ஜூலை 1 அன்றுதான் எச்டிஎஃப்சி லிமிடெட் வங்கியோடு இணைந்தது. ஆகவே 33 சதவீதம் என்பது இணைப்புக்குப் பிந்தைய பெரிய வங்கியை முந்தைய சிறிய வங்கியோடு வைத்துப் பார்த்த கணக்கு. சந்தை காத்திருந்தது நிகர வட்டி மார்ஜின் (வட்டி வரவுக்கும் வட்டிச் செலவுக்கும் உள்ள வித்தியாசம்) தேறியதா, டெபாசிட் கடனுக்கு ஈடுகொடுத்து வளர்கிறதா என்ற இரண்டுக்கும்தான். இரண்டிலும் திருப்தி கிடைக்கவில்லை. ரிசல்ட்டுக்கு முன் வாங்குபவர் நல்ல ரிசல்ட் வருமா என்று கணித்தால் போதாது. மற்றவர்கள் எதை எதிர்பார்க்கிறார்கள், வருவது அதைத் தாண்டுமா என்பதையும் கணிக்க வேண்டும். கம்பெனியை நன்றாகத் தெரிந்தவர்கள்கூட இரண்டாவது கணிப்பில் தோற்கிறார்கள்.

மறைந்திருக்கும் செலவு இரவில் இருக்கிறது. 2023 ஏப்ரல் 13, வியாழன் மாலை இன்ஃபோசிஸ் ரிசல்ட். மறுநாள் அம்பேத்கர் ஜெயந்தி விடுமுறை, பிறகு சனி, ஞாயிறு. அந்த ஆண்டுக்கான வளர்ச்சி 4 முதல் 7 சதவீதம்தான் என்று கம்பெனி சொன்னது. நியூயார்க் சந்தையில் அதன் ஏடிஆர் (அங்கே கைமாறும் அதன் பங்குச் சான்று) அன்றிரவே சரிந்தது. இங்கே பங்கு வைத்திருந்தவர்கள் மூன்று நாள் அதைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதாயிற்று. திங்கள் காலை இடையில் 12 சதவீதம் வரை விழுந்து, முடிவில் 9 சதவீதத்துக்கு மேல் இறங்கி நின்றது.

எப்போது இது சரி? ரிசல்ட் மோசமாக வந்தாலும் அந்தப் பங்கை ஓரிரு ஆண்டு வைத்திருக்கத் தயார் என்றால் சரி. ரிசல்ட்டுக்கு முந்தைய இரண்டு மூன்று மாதமாகவே விலை இறங்கி, எதிர்பார்ப்பு தரையில் கிடந்தாலும் யோசிக்கலாம். முந்தைய இரண்டு வாரத்தில் 10 சதவீதம் ஏறிய பங்கை ரிசல்ட்டுக்கு முதல் நாள் வாங்குவதை நான் விட்டுப் பல வருடமாகிறது.

## வழி 2: ரிசல்ட் வந்த பின் வாங்குவது

"ஏறினப்புறம் வாங்கினா என்ன லாபம்?" மைத்துனன் கேட்ட அடுத்த கேள்வி இது. நியாயமான கேள்வி.

1968-ல் ரே பால், பிலிப் பிரவுன் என்ற இரு ஆய்வாளர்கள் அமெரிக்கப் பங்குகளை வைத்து ஒன்றைக் காட்டினார்கள். எதிர்பார்ப்பைத் தாண்டிய ரிசல்ட் வந்த பங்கின் விலை அன்றோடு நின்றுவிடுவதில்லை, பின்வரும் வாரங்களிலும் அதே திசையில் நகர்கிறது. 1989-ல் பெர்னார்டும் தாமஸும் இதை இன்னும் விரிவாக ஆராய்ந்தார்கள். எல்லோரும் கண்கொத்திப் பாம்பாகப் பார்க்கும் பெரிய பங்குகளில் இந்த நகர்வு குறைவு. குறைவான அனலிஸ்ட்கள் தொடரும் நடுத்தரக் கம்பெனிகளில் அதிகம். பெரிய ஃபண்டுகள் ஒரே நாளில் வாங்கி முடிக்க முடியாது என்பதை நினைத்துப் பார்த்தால் இதில் ஆச்சரியம் இல்லை.

ஆனால் ரிசல்ட் வந்த அடுத்த நிமிடமே பாய்வது இந்த வழியில் சேராது. சில ஆண்டுகளுக்கு முன் எனக்கு நேர்ந்தது இது. ஒரு நடுத்தர ரசாயனக் கம்பெனி. மதியம் 2:20-க்கு ரிசல்ட் வந்தது. டிவியில் கீழே "நிகர லாபம் இரண்டு மடங்கு" என்று ஓடியது. மூன்று நிமிடத்தில் 6 சதவீதம் ஏற, நானும் வாங்கினேன். வாங்கிய பிறகுதான் எக்ஸ்சேஞ்ச் தளத்தில் பிடிஎஃப்பைத் திறந்தேன். அட்டவணையின் பாதியில் எக்ஸெப்ஷனல் ஐட்டம் என்ற வரி. நிலம் விற்ற பணம் அதில் உட்கார்ந்திருந்தது. அதைக் கழித்தால் லாபம் போன வருடத்தைவிடக் குறைவு. மூன்று மணிக்குள் ஏறியதெல்லாம் இறங்கி, முந்தைய நாள் விலைக்கும் கீழே போயிருந்தது.

அதிலிருந்து வாங்கும் பொத்தானைத் தொடுமுன் ஐந்து வரிகளைப் படிக்கிறேன். செயல்பாட்டு வருமானம், அதர் இன்கம் (தொழிலுக்கு வெளியே வரும் வருமானம்), மூலப்பொருள் செலவு, எக்ஸெப்ஷனல் ஐட்டம், வரி. அதர் இன்கம் திடீரென்று வீங்கியிருக்கிறதா? டெஃபர்ட் டாக்ஸ் (தள்ளிப்போட்ட வரிக் கணக்கு) திரும்பி வந்ததால் லாபம் கூடியதா? இந்தக் காலாண்டைப் போன வருட இதே காலாண்டோடு ஒப்பிட்டார்களா, முந்தைய காலாண்டோடா? ஏசி விற்கும் கம்பெனியின் கோடைக்கால விற்பனையைக் குளிர்காலத்தோடு ஒப்பிட்டால் எந்த ரிசல்ட்டும் அருமையாகத்தான் தெரியும்.

படித்துத் திருப்தி என்றாலும் அன்று வாங்குவதில்லை. ரிசல்ட்டுக்குப் பிந்தைய முதல் முழு நாள் எப்படி முடிகிறது என்று பார்க்கிறேன். வால்யூம் (கைமாறும் பங்குகளின் எண்ணிக்கை) வழக்கத்தைவிட மூன்று நான்கு மடங்கு இருக்க வேண்டும், முடிவு விலை அன்றைய உச்சத்துக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். காலையில் 7 சதவீதம் ஏறித் திறந்து, மாலையில் 2 சதவீதத்தில் முடிந்தால் உள்ளே இருப்பவர்கள் விற்று வெளியேறுகிறார்கள் என்று விட்டுவிடுகிறேன்.

எத்தனை பங்கு என்பதற்கு மைத்துனனுக்குப் போட்டுக் காட்டிய கணக்கு இது. மூலதனம் ஒன்றரை லட்சம். ஒரு வர்த்தகத்தில் 1 சதவீதம், அதாவது 1,500 ரூபாய் வரை இழக்கலாம். வாங்கும் விலை 800, ரிசல்ட் நாளின் அடிவிலை 760. அதற்குக் கீழே போனால் விற்றுவிடுவது. வித்தியாசம் 40 ரூபாய். 1,500-ஐ 40-ஆல் வகுத்தால் 37 பங்கு, 29,600 ரூபாய். இதே 37 பங்கை ரிசல்ட்டுக்கு முன் 800-க்கு வாங்கி, மறுநாள் 12 சதவீதம் கீழே திறந்தால் நஷ்டம் 3,552. தீர்மானித்ததைப் போல இரண்டு மடங்குக்கும் மேல், ஸ்டாப்லாஸ் போட்டிருந்தும்.

முதல் நாளின் ஏற்றத்தை விட்டுக்கொடுப்பதுதான் இந்த வழியின் விலை. சில நேரம் மொத்த ஏற்றமும் அந்த ஒரே நாளில் முடிந்துவிடும். அப்போது வெறுங்கைதான்.

எப்போது இது சரி? பகலில் வேலைக்குப் போகிறவர், மாலையில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து ரிசல்ட் படிக்கிறவர், இரண்டு மூன்று வாரம் வைத்திருக்கப் பொறுமை உள்ளவர். குறுகிய கால வர்த்தகம் செய்ய விரும்பும் பெரும்பாலோர் இவர்கள்தான்.

## வழி 3: ஆப்ஷன்

ஒரு பங்கைக் குறித்த விலையில் வாங்கும் உரிமை கால் ஆப்ஷன், விற்கும் உரிமை புட் ஆப்ஷன். அந்த உரிமைக்குக் கொடுக்கும் விலைதான் பிரீமியம். நஷ்டத்துக்கு எல்லை உண்டு, பிரீமியம் மட்டும்தான் போகும் என்பது இதன் கவர்ச்சி. ஏறும், அல்லது இறங்கும், எப்படியும் பெரிதாக நகரும் என்று நினைத்தால் கால், புட் இரண்டையும் வாங்கலாம் என்பார்கள்.

ஒரு மாதிரிக் கணக்கு. பங்கு விலை 1,000. ரிசல்ட்டுக்கு முதல் நாள் 1,000 கால் 30 ரூபாய், 1,000 புட் 28 ரூபாய், மொத்தம் 58. ஒரு லாட் (குறைந்தபட்ச அளவு) 500 பங்கு என்றால் 29,000 ரூபாய். மறுநாள் பங்கு 4 சதவீதம் ஏறி 1,040. கால் 45, புட் 4, மொத்தம் 49. பங்கு 40 ரூபாய் நகர்ந்தும் 4,500 ரூபாய் நஷ்டம். ரிசல்ட் வருமுன் என்ன வருமோ என்ற பதற்றத்துக்கும் சேர்த்துத்தான் பிரீமியம் கொடுத்தோம். ரிசல்ட் வந்ததும் பதற்றம் போய்விட்டது, அதற்குக் கொடுத்த பணமும் போய்விட்டது. சந்தையில் இதை ஐவி கிரஷ் என்பார்கள். திசையைச் சரியாகச் சொல்லி, கால் மட்டும் வாங்கியவருக்கு இந்தக் கணக்கில் லாபம்தான். ஆனால் அவர் பாதி விஷயத்தில் மறுபடி வழி 1-க்கே வந்துவிட்டார்.

பிரீமியத்தை விற்று இந்தப் பதற்றத்தைக் காசாக்கலாம் என்று சொல்பவர்கள் உண்டு. 2025 மார்ச் 10 மாலை இண்டஸ்இண்ட் பேங்க் தன் டெரிவேட்டிவ் (ஆப்ஷன் போன்ற ஒப்பந்தங்கள்) கணக்குகளில் முரண்பாடு இருப்பதாகவும், அது நிகர மதிப்பில் சுமார் 2.35 சதவீதத்தைப் பாதிக்கும் என்றும் அறிவித்தது. மறுநாள் பங்கு 27 சதவீதம் விழுந்தது. எஃப் அண்ட் ஓ (ஃபியூச்சர்ஸ், ஆப்ஷன்) உள்ள பங்குகளுக்கு நிலையான சர்க்யூட் வரம்பு கிடையாது. முந்தைய நாள் புட் விற்றிருந்தவரின் நிலையை நினைத்துப் பாருங்கள்.

இன்னொரு விஷயம் புதியவர்களுக்குத் தெரிவதே இல்லை. 2019 அக்டோபர் முதல் எல்லாப் பங்கு டெரிவேட்டிவ்களும் டெலிவரியில்தான், அதாவது பங்கையே கொடுத்து வாங்குவதில்தான், முடிகின்றன. லாபத்தில் இருக்கும் கால் ஆப்ஷனை எக்ஸ்பைரி (காலாவதி நாள்) வரை வைத்திருந்தால் லாட் முழுவதையும் பணம் கட்டி எடுக்க வேண்டும், மேலே சொன்ன கணக்கில் 5 லட்சம். கடைசி நாட்களில் மார்ஜின் (முன்பணம்) கேட்பார்கள். என்எஸ்இ-யில் 2025 செப்டம்பர் முதல் மாதக் கடைசிச் செவ்வாய்தான் எக்ஸ்பைரி. பழைய வியாழன் கணக்கில் இருப்பவர்கள் கவனிக்க வேண்டும்.

பங்குச் சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபி 2024 செப்டம்பரில் வெளியிட்ட ஆய்வின்படி, 2022 நிதியாண்டு முதல் 2024 வரை எஃப் அண்ட் ஓ-வில் ஈடுபட்ட தனிநபர்களில் 93 சதவீதம் பேருக்கு நஷ்டம். மூன்று ஆண்டில் மொத்த நஷ்டம் 1.8 லட்சம் கோடிக்கு மேல். இதைப் படித்த பிறகும் ஒன்றரை லட்சம் வைத்திருப்பவனிடம் ஆப்ஷன் வாங்கு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

எப்போது இது சரி? ஏற்கெனவே ஒரு லாட் அளவுக்குப் பங்கு வைத்திருப்பவர், ரிசல்ட் இரவைத் தாண்ட ஒரு புட் வாங்கி வைப்பது காப்பீடு மாதிரி. அதற்கு இதைவிட நல்ல கருவி இல்லை.

## வழி 4: செய்தியைத் துரத்துவது

ஆர்டர் கிடைத்தது, போனஸ் அறிவிப்பு, கையகப்படுத்தல், ரிசர்வ் வங்கி நடவடிக்கை. ரிசல்ட்டுக்காவது தேதி உண்டு, செய்திக்குத் தேதி கிடையாது.

ஆர்டர் செய்தியில் ஒரே ஒரு வகுத்தல் போதும். 500 கோடி ஆர்டர் என்று தலைப்பு. மூன்று ஆண்டில் முடிக்க வேண்டியது. கம்பெனியின் ஆண்டு விற்பனை 2,000 கோடி. ஆண்டுக்கு சுமார் 167 கோடி, விற்பனையில் 8 சதவீதம். அது வழக்கமாகக் கிடைக்கும் ஆர்டர்தானா என்றும் பார்த்தால் 9 சதவீத ஏற்றம் தாங்குமா என்று தெரிந்துவிடும். போனஸ் (இலவசப் பங்கு), ஸ்பிளிட் (பங்கைச் சிறிதாகப் பிரிப்பது) இரண்டிலும் கம்பெனியின் மதிப்பு மாறுவதில்லை.

பயப்பட வேண்டியது ஒழுங்குமுறைச் செய்திகளுக்கு. 2024 ஜனவரி 31 அன்று பேடிஎம் பேமென்ட்ஸ் பேங்க் மீது ரிசர்வ் வங்கி நடவடிக்கை எடுத்தது. பிப்ரவரி 1, 2 இரண்டு நாளும் பேடிஎம் பங்கு 20 சதவீத லோயர் சர்க்யூட். சர்க்யூட் வரம்பை 10 சதவீதமாகக் குறைத்த பிறகு 5-ஆம் தேதி மறுபடி அந்த 10 சதவீதமும். 761 ரூபாயிலிருந்து 438-க்கு மூன்றே நாளில். முதல் நாளே விற்க நினைத்தவர்களின் ஆர்டர்கள் வரிசையில் நின்றன, எதிரே வாங்க ஆள் இல்லை. "20 சதவீதம் மலிவாகக் கிடைக்கிறது" என்று முதல் நாள் வாங்கியவரும் அதே வரிசையில் போய் நின்றார்.

வதந்திக்கு இப்போது ஓரளவு கடிவாளம் உண்டு. 2024 ஜூன் முதல் 100 பெரிய கம்பெனிகளும், டிசம்பர் முதல் 250 கம்பெனிகளும் முக்கிய ஊடகத்தில் வரும் வதந்தியால் விலை பெரிதாக நகர்ந்தால் 24 மணி நேரத்துக்குள் ஆமாம், இல்லை என்று சொல்ல வேண்டும். அந்தப் பதில் வரும்வரை காத்திருப்பது நல்லது. டெலிகிராமில் வரும் சிறு கம்பெனிச் செய்திக்கு அந்தக் கடிவாளமும் கிடையாது.

எப்போது இது சரி? காலை 9:15 முதல் 3:30 வரை இதையே தொழிலாகச் செய்பவருக்கு. அவர்களிலும் வென்றவர் குறைவு: 2023 நிதியாண்டில் பங்குகளில் இன்ட்ராடே (அன்றே வாங்கி அன்றே விற்பது) செய்தவர்களில் பத்துக்கு ஏழு பேர் நஷ்டம் என்று செபியின் இன்னொரு ஆய்வு சொல்கிறது.

## பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்

| | ரிசல்ட்டுக்கு முன் | ரிசல்ட்டுக்குப் பின் | ஆப்ஷன் வாங்குவது | செய்தி |
|---|---|---|---|---|
| ஸ்டாப்லாஸ் காப்பாற்றுமா? | இரவில் காப்பாற்றாது | பெரும்பாலும் | பிரீமியமே எல்லை | சர்க்யூட்டில் காப்பாற்றாது |
| மறைந்த செலவு | ஏற்கெனவே ஏறிய எதிர்பார்ப்பு | தவறவிட்ட முதல் நாள் | ஐவி கிரஷ், டெலிவரி மார்ஜின் | அவசரத்தில் கொடுக்கும் அதிக விலை |
| வரி | 20% | 20% | தொழில் வருமானம் | இன்ட்ராடே என்றால் ஊக வருமானம் |
| தேவைப்படும் நேரம் | முன் தயாரிப்பு அதிகம் | மாலை ஒரு மணி நேரம் | பகல் முழுவதும் | பகல் முழுவதும் |
| வைத்திருப்பது | 1 முதல் 3 நாள் | 2 முதல் 3 வாரம் | 1 முதல் 5 நாள் | நிமிடம் முதல் நாள் வரை |

வரி வரிசையைக் கொஞ்சம் விளக்க வேண்டும். டெலிவரி எடுத்து ஓராண்டுக்குள் விற்றால் 2024 ஜூலை 23 முதல் 20 சதவீதம், முன்பு 15. இன்ட்ராடே நஷ்டத்தை இன்ட்ராடே லாபத்தில் மட்டும்தான் கழிக்கலாம், நான்கு ஆண்டுக்கு எடுத்துச் செல்லலாம். எஃப் அண்ட் ஓ நஷ்டத்தை எட்டு ஆண்டுக்கு. ரிட்டர்னைக் கெடு தேதிக்குள் போட்டால்தான் இரண்டும்.

கட்டணமும் வழிக்கு வழி மாறும். ஒரு லட்சத்துக்கு டெலிவரி எடுத்து அதே விலைக்கு விற்றால் எஸ்டிடி (பங்குப் பரிவர்த்தனை வரி) மட்டும் 200 ரூபாய், முத்திரை வரி 15. பரிமாற்றக் கட்டணம், ஜிஎஸ்டி, டிபி கட்டணம் (டீமேட் கணக்குக் கட்டணம்) சேர்ந்தால் கால் சதவீதத்தைத் தொடும். இன்ட்ராடேவில் எஸ்டிடி 25 ரூபாய்தான். ஆனால் தினம் நான்கு தடவை செய்பவருக்கு அது ஒரு மாதத்தில் என்னவாகும் என்று புரோக்கர் அனுப்பும் கான்ட்ராக்ட் நோட்டுகளைக் கூட்டிப் பார்க்க வேண்டும். புரோக்கர் கொடுக்கும் எம்டிஎஃப் கடனில் வாங்கினால் வட்டி நாள்தோறும் ஓடும். இரண்டு மூன்று வாரம் வைத்திருக்கும் வழி 2-ஐக் கடனில் செய்யாதீர்கள்.

## மைத்துனன் செய்தது

அன்று அவன் வாங்கவில்லை. ரிசல்ட் சனிக்கிழமை வந்தது. ஞாயிறு மதியம் வீட்டுக்கு வந்தவனோடு உட்கார்ந்து பிடிஎஃப்பைத் திறந்தேன். அதர் இன்கம் வரியை அவனே விரல் வைத்துக் காட்டினான். போன வருடத்தைவிடக் கொஞ்சம்தான் கூட, அதில் கோளாறு இல்லை. மார்ஜின்தான் ஒன்றரை சதவீதம் குறைந்திருந்தது, மூலப்பொருள் செலவால். திங்கள் காலை பங்கு 3 சதவீதம் கீழே திறந்து, பகலில் கொஞ்சம் ஏறி, ஒன்றரை சதவீத இறக்கத்தில் முடிந்தது. நான் சொன்ன நிபந்தனைகள் எதுவும் நிறைவேறாததால் விட்டுவிட்டான். அதே வாரம் பட்டியலில் இருந்த இன்னும் ஆறு கம்பெனிகளில் ஒன்று மட்டும் வால்யூமோடு உச்சத்தில் முடிந்தது. அதில் 22 பங்கு வாங்கியிருக்கிறான். அடிவிலைக்குக் கீழே ஜிடிடி (அந்த விலை வரும்வரை காத்திருக்கும்) ஸ்டாப்லாஸ் போட்டாகிவிட்டது, வைத்திருப்பது மூன்று வாரம் என்று காலண்டரில் குறித்தும் வைத்திருக்கிறான்.